ஐநூறு ரூபாய் மானியமும் ஒரு பஸ் டிக்கெட்டும்

அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஓர் ஆசிரியருக்கு வருடத்துக்கு 500 ரூபாய் மானியம் இருந்தது, கற்பித்தல் துணைக்கருவிகளுக்காக. தொகை போதாது என்பதுதான் வழக்கமான புகார். எனக்கு வேறொரு குறைதான் பெரிதாகப்படுகிறது. பொருளுக்கு மட்டும் பில் கேட்கும் மானியம், சார்ட்டிலும் தெர்மகோலிலும் போய்தான் முடியும்.

சரி, தொகையைக் கூட்டினால்? 2016-ல் வந்த அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் வரை தருகிறது. 3டி பிரிண்டர் வந்துவிடும். அது மக்கர் பண்ணும்போது அறிவியல் டீச்சர் யாரைப் போய்க் கேட்பார்?

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கோடைப் பயிற்சியோடு விட்டுவிடாமல் ஆசிரியர்களை மாதாமாதம் கூட்டினார்கள். வகுப்பில் எந்தச் சோதனை சொதப்பியது, ஏன் என்று அங்கே பேசினார்கள். 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தும்வரை முப்பது வருடம் நடந்தது.

மானியம் தருபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: செலவுப் பட்டியலில் பஸ் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு வரி சேருங்கள். அன்றைக்கு ஓ.டி.யும் கொடுங்கள். பக்கத்து ஊர் டீச்சரைப் பார்க்க 500 ரூபாயே போதும்.