மதுவிலக்கும் இராஜாஜியின் பிரஜாதர்மமும்

சேலம் ஜில்லா முழுவதும், 1937 அக்டோபர் முதல் தேதியன்று மதுவிலக்கின் கீழ் வந்தது. அப்போது சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த இராஜாஜி, தாம் வக்கீல் தொழில் நடத்தி, நகரசபைத் தலைமையும் வகித்த அந்த ஜில்லாவையே தம் கொள்கைக்கு முதற் பரீட்சைக் களமாகத் தேர்ந்தார்.

தேசத்தின் பலம் படையிலும் பொக்கிஷத்திலும் இருப்பதைவிடப் பிரஜைகளின் புலனடக்கத்தில் இருக்கிறது என்பதே அவருடைய அரசியலின் ஆதார சுருதி. கூலியாளுக்கு அன்றாடம் கிடைக்கும் சொற்பக் காசைக் கள்ளுக்கடை வழியே பறித்துக்கொண்டு, அதே காசில் அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் சர்க்கார் தன்னை நியாயமானதென்று சொல்லிக்கொள்ள முடியாது என்ற வாதத்துக்கு இன்றுவரை தக்க மறுமொழி பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உபதேசத்தோடு நின்றுவிடாமல், இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரியை ஏற்படுத்தியதும், அறத்துக்குக் கணக்கும் எழுதத் தெரிந்த அபூர்வமான நிர்வாகி அவர் என்பதைக் காட்டுகிறது.

ஆயினும், கடமை இன்னதென்று அத்தனை தெளிவாகக் கண்ட அவர், அக்கடமையைச் சுமக்கவேண்டியவனின் சம்மதம் அதே அளவு அவசியம் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. அவரைப் பதவியில் அமர்த்திய தேர்தலே சொத்துத் தகுதியால் குறுக்கப்பட்ட வாக்குரிமையில் நடந்தது. மரமேறிக் கள்ளிறக்கிப் பிழைத்தவனுக்கும், அதைக் குடித்துக் களைப்பாறிய கூலிக்கும் பெரும்பாலும் அதில் இடமில்லை. 1938-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியபோது, காங்கிரஸ்காரர்களையே முன்பு சிறைக்கு அனுப்பிய குற்றச் சட்டத் திருத்தத்தை மறியல் செய்தவர்கள்மீது ஏவினார். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர்நீத்தனர். மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், 1953-இல் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளியை அரை நாளாக்கி, மிச்ச நேரத்தைப் பெற்றோர் தொழிலுக்கு ஒதுக்கிய திட்டமும் மேலிருந்து இறங்கிய ஆணையே. உழைப்பின் மேன்மையை அவர் எவ்வளவு விளக்கியும், சாதி பிறப்போடு கட்டிவைத்த தொழிலையே பிள்ளைக்கும் விதிக்கிறார் என்று கேட்டவர்கள் உணர்ந்தது பிழையன்று. மறு ஆண்டு அவர் பதவி விலக நேர்ந்தது.

சர்க்காரின் கை நீளுவது பிரஜையின் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று 1959-இல் சுதந்திரா கட்சி கண்டவரும் இவரே. இம்முரண்பாட்டை வயதின் மாற்றமென்று சிலர் தள்ளிவிடுவர். தம் கையிலிருந்த அதிகாரத்தைத் தந்தையின் கண்டிப்பாகவும், பிறர் கையிலிருந்ததைத் தளையாகவும் அவர் கண்டார் என்பதே என் அபிப்பிராயம்.

1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறைக் கடந்துவிட்ட அவர் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டியும் பயனில்லாது போயிற்று. கள்ளுக்கடைக்கு ஈடாகப் பிறந்த விற்பனை வரியோ, கடைகள் திரும்பிய பின்பும் எடுபடவில்லை. உப்புப் புளிக்குக் கடைக்குப் போன கூலியாளிடம் இரண்டு வழியாகவும் வசூல் நடந்தது.