காணாத சம்பளம்

"அக்கா, என்ர சம்பளம் காணாதாம்."

லண்டனிலிருந்து அவள் தொலைபேசியில் சொன்னபோது, சம்பளம் இன்னும் வங்கியில் ஏறவில்லை என்றுதான் புரிந்துகொண்டேன். யாழ்ப்பாணத் தமிழில் 'காணாது' என்றால் 'போதாது'. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அது உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

சிறுவயதில் பெற்றோரோடு ஈழத்திலிருந்து போய், பிரித்தானியக் குடியுரிமை பெற்றவள் அவள். ஆய்வுக்காகச் சென்னை வந்தபோது எனக்குப் பழக்கம். இங்கேதான் திருமணம் நடந்தது. கணவர் திருச்சியில் இருக்கிறார். மூன்று வயது மகள் அவளோடு லண்டனில். மகளைக் காப்பகத்தில் விட்டு அழைத்துவரும் நேரத்துக்கு ஏற்ப, ஒரு பள்ளியில் வகுப்பறை உதவியாளராகப் பகுதிநேர வேலை பார்க்கிறாள். ஆண்டுக்கு 15,000 பவுண்டு. கணவரை அழைத்துக்கொள்ள அவள் 29,000 பவுண்டு சம்பாதித்துக் காட்ட வேண்டும்.

கவிதையை வாசிப்பதுபோல் அந்தக் குடிவரவு விதிகளையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். ஒரு பிரதி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதுதானே என் தொழில்.

2012 ஜூலையில் இந்த வருமான வரம்பு 18,600 பவுண்டாக அறிமுகமானது. அரசின் நலத்தொகையை நாடாமல் ஒரு தம்பதி வாழப் போதுமான தொகை என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். 2024 ஏப்ரல் 11 அன்று அது 29,000 ஆனது. இந்தமுறை அளவுகோல் வேறு: திறன்மிகு பணியாளர் விசாவுக்குத் தகுதியான வேலைகளின் ஊதிய வரிசையில், கீழிருந்து கால்பங்கில் நிற்கும் தொகை. அதை 38,700 வரை கொண்டுபோகும் திட்டமும் இருந்தது; ஆட்சி மாறியபின் நிறுத்தி வைத்தார்கள். ஒரு குடும்பம் வாழ எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி பிரதியிலிருந்து நழுவிவிட்டது. கணவனை ஒரு நிறுவனம் வேலைக்கு எடுப்பதுபோல் மனைவி எடுக்க வேண்டும்.

அதே மாதம் அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டு. வாரம் 40 மணிநேரம், ஆண்டின் 52 வாரமும் உழைத்தால் சுமார் 23,800 பவுண்டு வரும். முழுநேரம் உழைத்தாலும் சட்டப்படியான கூலி வாங்குகிறவருக்குத் துணையோடு வாழும் தகுதி இல்லை என்று அரசே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

விதியில் ஆண், பெண் என்ற சொல்லே இல்லை. 'துணை', 'ஸ்பான்சர்' என்று பொதுப்பாலில் பேசுகிறது. அந்தப் பொதுப்பாலைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும். பகுதிநேர வேலையில், குறைந்த கூலியில், பிள்ளை வளர்ப்பில் அதிகம் இருப்பவர்கள் பெண்கள். ஆகவே வரம்பைத் தொட முடியாமல் நிற்பவர்களிலும் பெண்களே விகிதத்தில் அதிகம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஊனமுற்றவரைப் பராமரிப்பதற்கான அரசுத் தொகை பெறுகிறவர்கள் இந்த 29,000 பவுண்டைக் காட்ட வேண்டியதில்லை. குடும்பத்தைத் தாங்கப் போதுமான வருமானம் இருந்தால் போதும். ஆக, பராமரிப்பும் உழைப்புதான் என்று விதிக்குத் தெரியும். சொந்தக் குழந்தையைப் பராமரிக்கும் தாயிடம் வரும்போது மட்டும் அந்த அறிவு மறந்துபோகிறது.

சேமிப்பைக் காட்டலாம் என்கிறது இன்னொரு பிரிவு. முதல் 16,000 பவுண்டு கணக்கில் வராது. அதற்கு மேல், வருமானத்தில் குறையும் தொகையைப்போல் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். அவளுக்குக் குறைவது 14,000. எனவே 51,000 பவுண்டு, ஆறு மாதம் கையிருப்பில் இருந்த பணமாக வேண்டும். நம் பெண்களின் சேமிப்பு பெரும்பாலும் கழுத்திலும் கையிலும் இருப்பது. தாலிக்கொடிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

எனக்கு மிகவும் புரியாத பகுதி கணவரைப் பற்றியது. அவர் அங்கே போய்ச் சம்பாதிக்கக்கூடியது, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது பொதுவாகக் கணக்கில் இல்லை. குழந்தைகளின் நலனை விதிகள் உரியபடி பார்க்கவில்லை என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மறுப்பது மிகக் கடுமையான விளைவைத் தரும் என்று நிறுவினால் மட்டும் பார்க்கிறார்கள். வருமான வரம்பு செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் 1985ஐ நினைவுபடுத்த வேண்டும். பிரித்தானியாவில் குடியிருந்த ஆண்கள் மனைவியரை எளிதாக அழைத்துக்கொள்ள, பெண்களுக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம். அப்துல் அஜீஸ், கபாலெஸ், பல்கண்டாலி என்ற மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்கள் வந்தால் வேலை தேடுவார்கள், உள்நாட்டு வேலைச்சந்தை தாங்காது என்று வாதிட்டது அரசு. பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. அரசு சமத்துவத்தை எப்படி நிறைவேற்றியது தெரியுமா? பெண்களுக்கு உரிமையைக் கூட்டவில்லை. ஆண்களுக்கு இருந்ததைக் குறைத்தது. கணவர்களுக்கு வைத்திருந்த கடுமையான சோதனைகளை மனைவியருக்கும் நீட்டித்தது. அன்று கணவர் வேலை செய்துவிடுவார் என்பதால் தடை. இன்று அவர் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பில்லை. காரணம் தலைகீழானாலும் கதவு அதே பெண்ணின் முகத்தில்தான் சாத்தப்படுகிறது.

வரி கட்டுகிறவர்களுக்குச் சுமை வரக்கூடாது என்பது அரசின் நியாயம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் துணைவிசாவில் வருகிறவர் பொது நலத்தொகையைப் பெற முடியாது என்பது ஏற்கனவே அந்த விசாவின் நிபந்தனை. கணவர் வந்தால் பிள்ளையைப் பார்க்க இன்னொரு ஆள் கிடைப்பார், அவள் முழுநேர வேலைக்குப் போகலாம். அவரைத் தடுத்து வைத்துக்கொண்டு, ஏன் போதுமான அளவு சம்பாதிக்கவில்லை என்று அவளைக் கேட்பது என்ன நியாயம்?

வகுப்பில் பொருள்வயிற் பிரிவு நடத்தும்போது இதெல்லாம் நினைவுக்கு வருகிறது. பொருள் தேடிப் போகிறவன் தலைவன். இருந்து ஆற்றுகிறவள் தலைவி. பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமும் விதி சொல்கிறது. பொருளுக்குப் போகிறவள் பெண்ணானால் என்ன ஆகும் என்று முன்பு ஒரு மாணவி கேட்டாள். பாடல்களில் பதில் தேடினேன். இப்போது தெரிகிறது: பொருள் தேடுவதும் அவளே, ஆற்றியிருப்பதும் அவளே. பாலை அவளுக்கு இரட்டிப்பாகிறது.

அவள் இப்போது வார இறுதிகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மகள் பாட்டியிடம் இருக்கிறாள். ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளைச் சேர்க்க வேண்டும். "இவ இப்ப என்னையும் ஃபோனிலதான் பாக்கிறா அக்கா" என்றாள் போன ஞாயிற்றுக்கிழமை.

'காணாது' என்பதை நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டதாக நினைத்திருந்தேன். அவள் சம்பளம் அந்த விதிக்குப் போதவில்லை. அவள் உழைப்பில் பெரும்பகுதி அதன் கண்ணில் படவும் இல்லை. இரண்டு பொருளும் சரிதான்.