போனஸ் பதிவேடு

கோவை வட்டார ஆலைகளின் மனிதவளத் துறையினருக்கு, ஏப்ரல் தொட்டு மாதந்தோறும் வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. எனப் பல வேலைகளில் ஓடும் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான், போனஸ் பேச்சுவார்த்தை முடிந்து பட்டுவாடா நெருங்கும்போது, தன் உச்சத்தை எட்டுகிறது. சட்டப்படியான குறைந்தபட்ச விகிதமாகிய 8.33 சதவீதம், நூறைப் பன்னிரண்டால் வகுத்த எண், அதாவது ஆண்டில் ஒரு மாதப் பங்கு; உச்ச வரம்பு 20 சதவீதம். இடைப்பட்ட வெளிதான் பேரத்தின் களம். பட்டுவாடாவுக்கென 1975ஆம் ஆண்டின் போனஸ் விதிகள் வகுத்த ‘சி’ படிவத்தில், அதாவது வழங்கிய தொகையைப் பதியும் ஏட்டில், வேலைநாள், சம்பளம், கழிவுகள் என நீளும் கட்டங்களிடையே ‘பூஜை போனஸ்’ என்றும் ஒரு கட்டம் இருப்பது, வறண்ட அரசுத் தாளுக்குள் பண்டிகை நுழைந்துவிட்ட அழகுதான். கடைசிக் கட்டம் கையொப்பத்துக்கோ பெருவிரல் ரேகைக்கோ உரியது.