ராம் செருகும் ரஸம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகளுக்கு நடுவே, அலுவலக அறையொன்றில் கணக்கெழுதி வரும் பழைய கம்ப்யூட்டர், டேலியையும் எக்செலையும் ஒருசேரத் திறந்த மாத்திரத்தில் திணறி நிற்குமானால், அதைக் காயலான் கடைக்கு அனுப்புமுன், புறநகர் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் இன்னொரு ராம் (RAM) எனும் நினைவகப் பலகை வாங்கி வருவதே விவேகமான மார்க்கம்.

மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே படிந்த புழுதியைப் பிரஷ்ஷால் தட்டி, பழைய ராமின் பொன்முலாம் பூசிய பின்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெல்லத் தேய்த்துச் செருகிவிட்டு, புதியதன் அடியிலுள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துமாறு நிறுத்தி, இரு முனைகளிலும் கட்டைவிரல்களால் சமமாக அழுத்த, ஓரக் கொக்கிகள் 'டிக்' என்று தாமே மூடிக்கொள்ளும் அந்த க்ஷணத்தில் பிறக்கும் திருப்தி அலாதியானது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற இந்த நினைவகத்தில், ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் வைத்த மின்னூட்டமே. அது சதா கசிந்துகொண்டிருப்பதால், விநாடிக்குப் பல தடவை புதுப்பித்தே காக்கப்படுகிறது. (நம் ஞாபகத்துக்கும் இவ்வசதி இருந்தால் க்ஷேமம்.)

ஒத்த இரண்டு ராம்களை ஜோடியாக, மதர்போர்டு குறித்த ஸ்லாட்டுகளில் இட்டால் வேகமும் கூடும். ஆனால் ராமிலும் வகைகள் உண்டு: டிடிஆர்3-க்கு 240 பின்கள், டிடிஆர்4-க்கு 288, வெட்டும் வேறிடத்தில். ஆதலால், பழையதைக் கையோடு கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டியே வாங்குங்கள்.