பறவைப் பட்டியல்: ஒரு பிரதியும் அதன் மௌனங்களும்

சென்ற பிப்ரவரியில் நண்பர்கள் நாங்கள் நாலு பேர் வால்பாறைப் பக்கம் மழைக்காட்டில் ஒரு நாள் முழுக்கப் பறவை பார்த்தோம். வழிகாட்ட உடன் வந்தவர் ஒரு காடர் பெரியவர். இரவு அறைக்குத் திரும்பியதும் நண்பரொருவர் அன்றைய பட்டியலைக் கைபேசிச் செயலியில் ஏற்றினார். 43 இனங்கள். ‘பார்த்தவர்கள் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் 4 என்று போட்டார். காட்டுக்குப் போனது ஐந்து பேர். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எதுவும் சொல்லவில்லை. அந்த ‘4’ பற்றியதுதான் இக்கட்டுரை.

மழைக்காட்டில் ‘பார்த்தல்’ என்பதே பாதிப் பொய். இலைக்கூரை தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் கேட்கத்தான் முடியும். முதல் ஒரு மணி நேரம் எங்கள் தொலைநோக்கிகளுக்குள் வெறும் இலைகள். பெரியவர் சிரித்தார். “மேல தேடாதீங்க சார். எந்த மரம் பழுத்திருக்குன்னு மொதல்ல பாருங்க. அது தானா வரும்.” பழுத்திருந்த ஓர் அத்திமரத்துக்கு எதிரே எங்களை உட்காரவைத்தார். அரைமணி கழித்து, நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோல் சிறகொலி. ஆண் இருவாச்சி. பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு பறந்தது. “பொந்துக்குள்ள பொட்ட இருக்கும். அதுக்குக் கொண்டு போவுது.” பெட்டை பொந்துக்குள் புகுந்து, எச்சத்தால் வாசலை அடைத்து, ஒரு கீறல் மட்டும் விட்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் ஊட்டினால்தான் சாப்பாடு. பழம், பறவை, பொந்து விழுந்த கிழட்டு மரம் என்று போகும் இந்த உறவைத்தான் பெரியவர் வாசித்தார். எங்கள் பட்டியலில் அது ‘பெரிய இருவாச்சி - 1’ ஆயிற்று.

பட்டியல் அப்பாவிப் பிரதி அல்ல. தொலைநோக்கிக்கு முன்னால் அந்த இடத்தில் துப்பாக்கி இருந்தது. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் திரட்டிய பல்லாயிரக்கணக்கான பறவைத் தோல்கள் 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே ஆண்டில்தான் காங்கிரஸைத் தொடங்கவும் அவர் முன்நின்றார். இப்படிப்பட்ட சேகரங்களில் துரையின் பெயர் நிலைத்தது. வழிகாட்டியவன் பெரும்பாலும் பெயரில்லாமல் போனான். அமெரிக்கப் பறவையியல் சங்கம், தன் எல்லைக்குட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களில் ஒட்டியிருக்கும் மனிதர் பெயர்களை நீக்குவதாக 2023இல் அறிவித்தது. நல்லது. ஆனால் பெயர் மாறுவதாலேயே எண்ணும் அதிகாரம் கைமாறிவிடாது.

உடனே நம்மவர்கள், ‘எல்லாப் பறவைக்கும் தூய தமிழ்ப் பெயர் வைத்துவிட்டால் போச்சு’ என்பார்கள். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கும் இந்த ஆசை உண்டு. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை வகுப்பில் ஒப்பித்து மார்தட்டியவன் நான். அதுவும் பட்டியல்தானே? காடர்களின் மொழி தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய உறவுடையது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு மலைப்பறவைக்குப் பெயர் சூட்டுவதில் துரைத்தனம் இல்லையா?

அதற்காகக் காடர்களை ‘இயற்கையின் குழந்தைகள்’ ஆக்க வேண்டாம். இருவாச்சிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்து உண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். கூடு இருக்கும் மரத்தை அறிந்த அதே அறிவுதான் பின்னால் கேரளத்தின் வாழச்சால் காட்டில் அவர்களைக் கூடுகளின் காவலர்களாக்கியது. இந்தப் பீடபூமியை மொட்டையடித்துத் தேயிலை போட்டதோ 1890களில் வந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள். ஆனால் ‘காட்டுக்கு ஆபத்து’ என்ற சொல்லாடலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் எப்போதும் ஆதிவாசிதான்.

இது வெறும் பட்டியல் சமாச்சாரமா? 2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறை கல்லார்குடியில் மண் சரிந்தது. அங்கிருந்த காடர்கள் தேயிலைத் தோட்டக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டார்கள். காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டுப் போராடி, 2021இல்தான் பட்டா வாங்க முடிந்தது. வன உரிமைச் சட்டம் வந்ததோ 2006இல். காட்டை மனிதர் இல்லாத இடமாக எழுதிக்கொண்டே இருந்தால், அங்கே குடியிருப்பவர் தன் இருப்பை ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சூழலியம் பேசும் நாம் அப்படி எழுதுகிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை நண்பரிடம் அந்த ‘4’ பற்றிக் கேட்டேன். “அவரு கைடுதானப்பா” என்றார். 43இல் அவர் காட்டித்தந்தவை எத்தனை என்று எண்ணச் சொன்னேன். முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு 4ஐ 5 ஆக்கினார். குறிப்பில் பெயரையும் சேர்க்கலாம் என்றார். அப்போதுதான் உறைத்தது: நாள் முழுக்கப் ‘பெரியவரே’ என்று கூப்பிட்டோமே தவிர, எங்களில் ஒருவரும் அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை.