நாலு ஸ்க்ரூவைக் கழற்றாமல் தீராது

ஃபெண்டர் ஜப்பானின் 1962 மாடல் ஸ்ட்ரேட்டோகாஸ்டர் எப்படி ஒலிக்கும் என்பதைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றும் மிச்சமில்லை. மூன்று சிங்கிள் காயில் பிக்கப், மேப்பிள் நெக், ரோஸ்வுட் விரல்பலகை, ட்ரெமோலோ எல்லாம் கிடார் வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கி, மாசி வெயிலிலிருந்து ஐப்பசி மழை வரை எங்கள் ஊர் மங்கலத்தில் வைத்து வாசித்த பிறகு, எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்தான். இதன் நெக்கை நேர்செய்யும் நட், நெக்கின் அடிமுனையில், கட்டையோடு சேரும் இடத்தில் புதைந்து கிடக்கிறது.

ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் நெக்கை முன்னால் இழுக்கின்றன. அதைத் தாங்கத்தான் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி. நட்டை இறுக்கினால் நெக் பின்னால் போகும். தளர்த்தினால் முன்னால் வளையும். இன்றைய கிடார்கள் பலவற்றில் இந்த நட் தலைப்பக்கம் இருக்கும். ஆலன் கீயை விட்டுத் திருப்பினால் வேலை முடிந்தது. 1954-ல் ஸ்ட்ரேட்டோகாஸ்டர் வெளிவந்தபோது அது அடியில் இருந்தது. 1971 இறுதியில் ஃபெண்டரே தலைப்பக்கம் மாற்றிவிட்டது. பிறகு பழைய மாடலை அச்சு அசலாகத் திரும்பச் செய்தபோது, நட்டும் பழைய இடத்துக்கே போய்விட்டது.

சீதோஷ்ணம் அதிகம் மாறாத ஊரில் இது பெரிய தொல்லையில்லை. மங்கலத்தில் பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவைப் பிடுங்கும். ஐப்பசியில் மழை அடைத்துக்கொள்ளும். மரம் ஈரத்தை வாங்கும், விடும். நெக்கின் வளைவும் மாறிக்கொண்டே இருக்கும்.

சோதிப்பது சுலபம். முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டு, ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 7.25 அங்குல வளைவுள்ள விரல்பலகைக்கு 0.30 மி.மீ. இருக்க வேண்டும். இதற்குத் தனிக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் ஊர் நிட்டிங் மெஷினில் சிலிண்டருக்கும் டயலுக்கும் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். தெரிந்த ஃபிட்டர் அண்ணன் ஒருவரிடம் வாங்கித்தான் நான் பார்க்கிறேன்.

அளவு தப்பினால்தான் பாடு. கம்பிகளைத் தளர்த்தி, கேபோவால் கலையாமல் பிடித்து, பின்னாலிருக்கும் நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, நெக்கைத் தூக்கி, நட்டைக் கால் சுற்று திருப்பி, மறுபடி பூட்டி, சுருதி சேர்த்து, அளக்க வேண்டும். போதவில்லையென்றால் முதலிலிருந்து. ஸ்க்ரூக்கள் நேரே மரத்தில் இறங்குபவை. அதனால் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய மரையில் 'டக்'கென்று விழுந்த பிறகே வலப்பக்கம் இறுக்குங்கள். அவசரப்பட்டால் புது மரை வெட்டிக்கொண்டு போய்த் துளை லூசாகிவிடும்.

நெக் நேரான பிறகுதான் கம்பி உயரம். 17-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ. விரல்பலகையின் இந்த வளைவில் அதற்குக் கீழே இறக்கினால், கம்பியை இழுத்து வளைக்கும்போது சுரம் பாதியில் செத்துவிடும்.

இந்தத் தொந்தரவில் ஒரு லாபமும் உண்டு: கிடாரின் பூர்வீகம் தெரிந்துவிடும். ஃபெண்டர் ஜப்பான் 1982-ல் தொடங்கியது. கிடார்களை மாட்சுமோட்டோவில் ஃபூஜிஜென் செய்து கொடுத்தது. என்னுடையதன் எண் 'இ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. அமெரிக்கக் கிடார் என்றால் 'இ' எண்பதுகளைக் குறிக்கும். அடுத்த இலக்கம் வருஷம். ஜப்பான் வரிசையில் 'இ' என்றால் 1984 முதல் 1987 வரை. அடுத்த இலக்கத்துக்கும் வருஷத்துக்கும் சம்பந்தமில்லை. எனவே எழுத்தை மட்டும் நம்பக்கூடாது, 'மேட் இன் ஜப்பான்' என்று பக்கத்தில் இருக்கிறதா பார்க்க வேண்டும். இன்னொன்று, நெக்கில் உள்ள எண் நெக்கின் வயதை மட்டுமே சொல்லும். நாலு ஸ்க்ரூவில் நிற்கும் நெக்கை யாரும் வேறு கட்டையில் பூட்டிவிடலாம். நெக்கின் அடிமுனையையும் அது உட்காரும் குழியையும் கண்ணால் பார்த்தால்தான் இரண்டும் பிறவியிலேயே ஒன்றா என்று பிடிபடும்.

சிங்கிள் காயில் இரைச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை ஒழிக்கத்தான் கிப்சனில் சேத் லவர் 1955-ல் ஹம்பக்கரை உருவாக்கினார். சோக் வைத்த டியூப்லைட், நிட்டிங் மெஷினுக்கு வேகம் கூட்டிக் குறைக்கும் டிரைவ் எல்லாமே இந்த பிக்கப்பில் கேட்கும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் குறையும். எர்த் விஷயத்தில் மட்டும் சமாதானம் கூடாது. பிரிட்ஜ் வழியாகக் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. மூன்று பின் பிளக் இருந்தால் மட்டும் போதாது. சுவரில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இது வாங்கத் தகுந்த கிடார் என்றுதான் சொல்வேன். நெக் சரியாக நிற்கும் நாளில் இதன் தெளிவுக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரை நெக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நெக்கின் அடிமுனையில் உள்ள முத்திரை, நட்டின் தலை தேய்ந்திருக்கிறதா, துளைகள் இறுக்கமா என்ற மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். கழற்ற மாட்டேன் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.