நீர்வண்ணத்தில் கருங்கல்: மாமல்லபுரமும் திருவொற்றியூரும்

சென்னையை ஒட்டிய கடற்கரையின் கற்கோயில்களை நீர்வண்ணத்தில் தீட்டிய வரலாறு இருநூறு ஆண்டுகளைத் தாண்டியது. அந்த ஓவியங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது. தெற்கே மாமல்லபுரத்தைத் தீட்டாத தலைமுறை இல்லை. வடக்கே, வடசென்னையின் மூலக்கொத்தளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலுக்கு அந்தக் கவனத்தில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. அதுவும் பழைய கருங்கல் கோயில்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

விடையின் ஒரு பாதி தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டுப் பயணத்தின் முடிவில், 1793இல், மாமல்லபுரம் வந்தார்கள். இருட்டுப் பெட்டிக்குள் லென்ஸ் வழியாக விழும் பிம்பத்தின் மேல் பென்சிலால் கோடு போட்டு, அதற்கு மேல் மெல்லிய வண்ணம் பூசுவது அவர்கள் வழக்கம். லண்டன் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டு, கையால் வண்ணமிட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் விரும்பியது ஆளரவமற்ற பாறை, இடிபாடு, அலை. மாமல்லபுரம் அத்தனையையும் ஒரே இடத்தில் கொடுத்தது. தஞ்சை, மதுரை போன்ற வழிபாட்டுக் கோயில்களையும் அவர்கள் வரைந்தார்கள். ஆனால் கருவறைப் பக்கம் அயல்நாட்டவருக்கு அனுமதி இல்லை. விமானத்தையும் கோபுரத்தையும் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

அதே காலத்தில் வேறொரு நோக்கமும் இருந்தது. 1783இல் சென்னை வந்த காலின் மெக்கன்சி பின்னாளில் இந்தியாவின் தலைமை நில அளவையாளர் ஆனவர். அவருக்குக் காட்சி அழகைவிடக் கல்லின் அளவே முக்கியம். ஆந்திரத்து அமராவதித் தூபியை முதலில் அவர் பார்த்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். 1816இல் திரும்பிப் போனபோது பல கற்கள் பெயர்க்கப்பட்டிருந்தன. அவருடைய குழுவினர் அப்போது வரைந்த சிற்பங்களில் சில, இன்று அந்தத் தாள்களில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. கல் அழியும், தாள் தங்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆவணப்படுத்தும் வேலையை விரைவில் கேமரா எடுத்துக்கொண்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். அதன்பின் ஓவியர் கல்லின் அளவைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒளியைச் சொன்னால் போதும். 1874இல் மாமல்லபுரம் வந்த எட்வர்டு லியர் களத்தில் பென்சிலால் விரைவாக வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்தின் மேலேயே எழுதிக்கொள்பவர். வண்ணமும் மைக்கோடும் பிறகு ஏறும்.

சென்னை ஓவியப் பள்ளி 1850இல் தொடங்கியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் அதன் தலைமைக்கு வந்தார். அங்கு பயின்ற கே.சி.எஸ். பணிக்கரின் இளமைக்கால நீர்வண்ணங்களில் கேரள நிலக்காட்சியே மேலோங்கி நிற்கிறது. கல் அங்கே முதன்மை பெறவில்லை. கோயிலுக்குள் போனவர் அதே பள்ளியில் படித்த சில்பி. ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக அவர் சிற்பங்களின் எதிரில் உட்கார்ந்து வரைந்தார். டேனியல்களால் நுழைய முடியாத இடம் தமிழ் வாசகர் வீட்டுக்கே வந்தது. ஆனால் அவர் பெரிதும் நம்பியது கோடுகளை. சிற்பம் பின்புலத்திலிருந்து பிரிந்து தனியே நிற்கும். அதைச் சுமக்கும் சுவர், ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை பெரும்பாலும் படத்துக்கு வெளியே போய்விடும்.

நீர்வண்ணத்தின் பலம் அந்தப் பின்புலம்தான். இந்த முறையில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள். வெயில் படும் கல்லை விட்டுவிட்டு நிழலைத் தீட்ட வேண்டும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும்; சொரசொரப்பான தாளின் குழிகளில் நீலத்துகள் படிந்து கல்லின் பொரிவைத் தானே காட்டும். கறுப்பு ட்யூபை எடுத்தால் கல் செத்துவிடும். நேரமும் முக்கியம். மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. விடியலில் நேர்வெயில் பட்டுச் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். வெயில் ஏறிப் பக்கவாட்டில் விழும்போது புடைப்பு எழும். பிற்பகலில் பாறை முழுவதும் நிழல். சென்னை வெயிலில் பூச்சு நொடியில் காய்வதால் கபோதம் எனும் கூரை விளிம்பின் கீழ் விழும் நிழலை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் முடித்தாக வேண்டும்.

இந்தப் பாடங்களுக்கெல்லாம் திருவொற்றியூர் கடினமான தேர்வு. முதலாம் இராசேந்திரன் காலத்தில், சதுரானன பண்டிதர் சொல்ல, இரவி என்ற வீரசோழத் தச்சன் அதன் கருவறையைக் கருங்கல்லில் எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு அது. நேர்சுவரில் வெயிலும் நிழலும் ஒரு விளிம்பில் பிரியும். வளைசுவரில் விளிம்பே இல்லை. ஈரம் காய்வதற்குள் நிழல் படிப்படியாக அடர வேண்டும். சுவரெங்கும் எழுத்துகள் வேறு. ஒவ்வொன்றாக எழுதினால் படம் நோட்டுப் புத்தகமாகிவிடும், விட்டுவிட்டால் அது அந்தச் சுவரே இல்லை. கூடவே டியூப்லைட், கம்பித் தடுப்பு, விளக்குக் கரி, பிரதோஷக் கூட்டம். புழக்கத்தில் இருக்கும் கல் இப்படித்தான் இருக்கும். இடிபாட்டைத் தேடிப் பழகிய கண் இதை அழகாகக் கொள்ளவில்லை. சாய்வுக்கு மற்றப் பாதிக் காரணம் இது.

மூலக்கொத்தளத்துக்கும் இதே நிலைதான். பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டில், பால் பென்ஃபீல்டு ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய கறுப்பர் நகர மதிலின் வடமேற்கு மூலை இந்தப் பக்கம். மிஞ்சிய மதில் துண்டு மாடிப் பூங்காவாக இருக்கிறது. 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு இறந்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடங்கள் மூலக்கொத்தளம் இடுகாட்டில் உள்ளன. பழமையில் இவை பல்லவர் பாறைக்கு ஈடில்லை. ஆனால் தொல்பொருளை மட்டுமே தேடிப் போகும் தூரிகைக்கு நகரத்தின் வடபாதி தெரியாமலே போகும்.

வார இறுதிகளில் குழுவாகக் கிளம்பும் இன்றைய ஓவியர்களில் பலர் கடற்கரைக் கோயிலைத்தான் தேர்கிறார்கள். கேட்டைத் தாண்டினால் வரையலாம். வழிபாட்டுக் கோயிலில் உட்கார்ந்து வரைய அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும், கூட்டம் குறைந்த நேரம் பார்க்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. குடமுழுக்குக்கு முன் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ததில் எழுத்துகள் மழுங்கிய கோயில்கள் தமிழ்நாட்டில் பல. அமராவதியில் மெக்கன்சியின் தாள்கள் செய்த வேலை இன்னும் முடியவில்லை. ஒரே சுவரை, ஒரே கோணத்தில், ஆண்டுக்கு ஒருமுறை தேதி குறித்துத் தீட்டினால் கல்லின் மாற்றமே ஒரு தொடராகும். மாமல்லபுரத்தை இன்னொரு முறை வரைவது கைக்குப் பயிற்சி. இந்தத் துறைக்கு இனி வேண்டியது திருவொற்றியூர்ச் சுவர்கள்.